ஏஎஃப்பி கூடினால் கல்லீரல்தானா?

பெரியப்பாவின் ரத்த ரிப்போர்ட்டில் ஏஎஃப்பி என்ற புரதம் 6,400. பெரியவர்களுக்கு இது பொதுவாகப் பத்துக்குள் இருக்கும். ஸ்கேனில் கல்லீரலில் கட்டிகளும் தெரிந்தன. "குடிக்கவே மாட்டாரே, கல்லீரல்ல எப்படி?" என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டார்கள். மஞ்சள்காமாலை வைரஸ் பி, சி இரண்டும் இல்லை, கல்லீரல் சுருக்கமும் இல்லை. பெரியம்மா மட்டும் "சோறு இறங்கலங்கறார், வெளிக்கிப் போனா கறுப்பாப் போகுதாம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதைக் காதில் வாங்கிக்கொண்ட டாக்டர் எண்டோஸ்கோபி பார்த்தார். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் புண்ணோடு ஒரு கட்டி.

நான் பயாப்ஸி லேபில் டெக்னீஷியன். பெரியப்பாவின் திசுவை மெழுகில் பதித்த பிளாக்கும் எங்களிடமே வந்தது.

ஏஎஃப்பி, கருவிலிருக்கும் குழந்தையின் கல்லீரல் சுரக்கும் புரதம். பிறந்த பிறகு வற்றிவிடும். கல்லீரல் புற்றில் மறுபடி ஏறுவதால்தான் எல்லோருக்கும் முதலில் கல்லீரல் ஞாபகம் வருகிறது. ஆனால் கருவில் இரைப்பை, கல்லீரல் இரண்டுமே முன்குடலிலிருந்து உருவாகின்றன. அபூர்வமாக, இரைப்பைப் புற்றின் செல்கள் கல்லீரல் செல் போலவே மாறி இந்தப் புரதத்தைச் சுரக்கும். ஹெபடாய்ட் அடினோகார்சினோமா என்பது இதுதான். ஜப்பானில் இஷிகுராவும் உடனிருந்தவர்களும் 1985-ல் இதை விவரித்தார்கள். சீக்கிரமே கல்லீரலுக்குப் பரவுவதால் குழப்பம் இன்னும் கூடுகிறது.

மைக்ரோஸ்கோப்பிலும் சட்டென்று பிடிபடாது. இளஞ்சிவப்பில் பெரிய பெரிய செல்கள், பார்த்தால் கல்லீரல் புற்றேதான். செல்லில் உள்ள குறிப்பிட்ட புரதத்தை நிறத்தால் காட்டும் ஹெப்பார்-1, கிளிப்பிகன்-3 ஸ்டெயின்கள் இரண்டு புற்றிலுமே பிடிக்கக்கூடும். அதனால் எங்கள் லேப் டாக்டரம்மா சால்4 என்ற ஸ்டெயினும் போடச் சொன்னார். கல்லீரல் புற்றில் அது பெரும்பாலும் பிடிக்காது. நான்கு மைக்ரான் தடிமனில் வெட்டி, ஸ்டெயின் ஏற்றிக் கழுவி, ஈரம் காயும் முன்பே பார்த்தேன். உட்கரு ஒவ்வொன்றும் அடர் பழுப்பு, சால்4 பிடித்திருந்தது. பக்கத்திலேயே சாதாரண இரைப்பைப் புற்றின் சுரப்பிகளும் இருந்தன. பார்த்ததும் கை நடுங்கியது. டாக்டரம்மா பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை வீட்டில் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

விடை மாறியதால் மருந்தே மாறியது. கல்லீரலுக்கான மாத்திரை இல்லை, இரைப்பைப் புற்றுக்கான கீமோ. அதே பிளாக்கில் ஹெர்2 என்ற புரதமும் கூடுதலாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். பாசிட்டிவாக இருந்தால் அதைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்தைச் சேர்க்கலாம் என்பதற்காக. பெரியப்பாவுக்கு நெகட்டிவ். இப்போது கீமோ பலிக்கிறதா என்று பார்க்க ஏஎஃப்பியையும் அவ்வப்போது எடுக்கிறார்கள். கடைசியாக 2,100.

உங்கள் வீட்டில் யாருக்காவது ஏஎஃப்பி ஏறி, கல்லீரல் கெடக் காரணம் எதுவும் தெரியாமல் இருந்தால், "எண்டோஸ்கோபி பார்க்கணுமா?" என்று டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள். பயாப்ஸி எடுத்திருந்தால், இன்னொரு இடத்தில் காட்டுவதற்கு மெழுகு பிளாக்கையும் ஸ்லைடுகளையும் லேபில் கேட்டு வாங்கலாம்.