அமெரிக்க வரலாறு அரியர்: மூன்றாவது முறை என்னைக் கரை சேர்த்த ஒரு கேள்வி

நேற்று சாயங்காலம் ரிசல்ட் வந்தது. அமெரிக்க வரலாறு பேப்பரில் 75க்கு 51. இதற்கு முன் இரண்டு முறை 29, 33. எம்.ஏ. முடிக்க இந்த ஒரு பேப்பர்தான் ஒன்றரை வருடமாகப் பாக்கி. மொபைலில் மார்க்கைப் பார்த்ததும் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். மனசில் ஈரம் காய்வதற்குள் எழுதிவிடுகிறேன். காலனிக் காலம், புதிய ஒப்பந்தம் எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். நான் விழுந்ததும் எழுந்ததும், அடிமை முறை இருந்த தென் மாநிலங்கள் நாட்டைவிட்டுப் பிரிந்து வடக்கோடு மோதிய உள்நாட்டுப் போரின் (1861-65) காரணங்களும் விளைவுகளும் என்ற கேள்வியில். அதை மட்டும் சொல்கிறேன்.

இரண்டாம் முறை தோற்றதும் விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தேன். பத்து மார்க் கேள்விக்கு மூன்று. கைடில் இருந்த அதே வரிசையில் ஏழு தலைப்பு, ஸ்கேல் வைத்து அடிக்கோடு. பொருளாதார வேறுபாடு, சுங்க வரி, மாநில உரிமை, அப்புறம் நான்காவதாக அடிமை முறை, அதற்கு நான்கு வரி. ‘மாநில உரிமை’ பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி. திருத்தியவர் வேறு எதுவும் எழுதவில்லை. அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது.

ஒரு ராத்திரி சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தபோது, பிளஸ் டூ படிக்கும் தம்பி கேட்டான்: “மாநில உரிமை, மாநில உரிமைன்னு சொல்றியேக்கா, என்ன செய்யறதுக்கு உரிமை?”

பதில் என்னிடம் இல்லை. அந்தச் சிவப்புக் கேள்விக்குறியும் அதைத்தான் கேட்டிருக்கிறது.

அதற்கப்புறம் கைடை மூடிவிட்டு, பிரிந்துபோன மாநிலங்கள் தாங்களே வெளியிட்ட பிரகடனங்களைத் தேடிப் படித்தேன். மிசிசிப்பி தன் பிரகடனத்தின் தொடக்கத்திலேயே, தன் நிலைப்பாடு அடிமை முறையோடு முழுக்கப் பிணைந்தது என்று சொல்லிவிடுகிறது. தென் கரோலினாவின் பெரிய குறை, தப்பி ஓடிய அடிமைகளை வட மாநிலங்கள் பிடித்துத் தரவில்லை என்பது. யோசித்துப் பாருங்கள். 1850 சட்டப்படி, ஓடிவந்தவர்களைப் பிடித்துக் கொடுக்க வட மாநிலங்களைக் கட்டாயப்படுத்த வேண்டும் என்று மத்திய அரசைக் கேட்டது தெற்கு. அதாவது வட மாநிலங்களின் உரிமையை மீறச் சொன்னது. பிரிந்த மாநிலங்கள் சேர்ந்து அமைத்த கூட்டமைப்பின் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச்சில் சவானா நகரில் பேசும்போது, வெள்ளையருக்குக் கறுப்பினத்தவர் சமமில்லை என்பதுதான் தங்கள் அரசின் மூலைக்கல் என்றே சொன்னார். இத்தனை வெளிப்படையாகச் சொல்லப்பட்டதை ஏழில் ஒன்றாக, நான்கு வரியில் முடித்திருந்தேன். மார்க் போனதைவிட அதுதான் எனக்கு வலித்தது.

சுங்க வரியும் அப்படித்தான். 1857இல் வரி குறைக்கப்பட்டது. அதை மறுபடி உயர்த்திய மோரில் வரிச் சட்டம் வந்தது 1861 மார்ச்சில். அதற்குள் ஏழு மாநிலங்கள் பிரிந்தாகிவிட்டது. வரியை எழுதுங்கள், ஆனால் மத்திய அரசின் வரிச் சட்டம் தன்னிடம் செல்லாது என்று தென் கரோலினா கிளப்பிய 1830களின் தகராறோடு சேர்த்து, துணைக் காரணமாக மட்டும்.

எனக்கு மனப்பாடம் வராது. வருகிறவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். மாத காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு நீளக் கோடு போட்டு, கிரைண்டர் பக்கத்துச் சுவரில் ஒட்டினேன். மாவு ஆடும் நேரமெல்லாம் அதைப் பார்த்துக் கதையாகச் சொல்லுவேன்:

1793 விட்னியின் பருத்தி ஜின், அதாவது கொட்டையைப் பிரிக்கும் இயந்திரம்.
1820 மிசௌரி உடன்பாடு, 36 பாகை 30 கலைக் கோடு. மேற்கு நிலத்தில் அதற்கு வடக்கே, மிசௌரி தவிர, அடிமை முறை கூடாது.
1850 கலிபோர்னியா அடிமை முறை இல்லாத மாநிலமாகச் சேர்ந்தது, பதிலுக்கு ஓடிய அடிமைகள் சட்டம்.
1854 கன்சாஸ் நெப்ராஸ்கா சட்டம், அடிமை முறை வேண்டுமா என்று அங்கே குடியேறியவர்களே முடிவு செய்யலாம். 1820இன் கோடு அழிந்தது.
1857 ட்ரெட் ஸ்காட் வழக்கு, புதிய நிலத்தில் அடிமை முறையைக் காங்கிரஸ் தடுக்க முடியாது என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு.
1859 ஜான் பிரவுன், அடிமைகளைக் கிளர்ந்தெழ வைக்க ஆயுதக் கிடங்கைத் தாக்கினார்.
1860 நவம்பர் லிங்கன் ஜனாதிபதித் தேர்தலில் ஜெயித்தார், டிசம்பர் 20 தென் கரோலினா பிரிந்தது.

முதல் வரியைக் கைடுகள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. எங்கள் பாட்டி ஊர் கரிசல் பூமி. ஒரு பருத்தியை எடுத்துக் கொட்டையைப் பிரித்துப் பார்த்தேன். நார் கொட்டையை விடாமல் கவ்விக்கொண்டிருக்கிறது, நகக்கண் வலிக்கிறது. அந்த வேலையை இயந்திரம் செய்ததும் பருத்தி கொழித்தது. நிலமும் ஆளும் இன்னும் இன்னும் தேவைப்பட்டன. 1860 கணக்கெடுப்பில் அடிமைகள் கிட்டத்தட்ட 39.5 லட்சம் பேர். மேற்கே புதிதாகச் சேர்ந்த நிலத்தில் அடிமை முறை போகலாமா கூடாதா என்பதுதான் 1820 முதல் 1860 வரை எல்லாச் சண்டையும். அடிமை முறை இருக்கும் இடத்தில் கை வைக்க மாட்டேன், புதிய இடத்துக்குப் பரவ விடமாட்டேன் என்றார் லிங்கன். தெற்கின் பத்து மாநிலங்களில் ஒரு வாக்குகூட இல்லாமல் அவர் ஜெயித்ததும், இனி நாட்டின் ஆட்சி நம் கையில் இல்லை என்று தெற்கு பயந்தது. இப்படிக் கோர்த்தால் ஏழு காரணங்களும் ஒரே சங்கிலி.

போர் நடவடிக்கைகளுக்குப் பக்கம் செலவழிக்காதீர்கள். போர் தொடங்கிய சம்டர் கோட்டை, ஆன்டிட்டம், கெட்டிஸ்பர்க் சண்டைகள், தெற்கின் தளபதி லீ சரணடைந்த அப்போமாட்டாக்ஸ் போதும்.

விளைவுகளில் பலர் செய்யும் தப்பு: லிங்கனின் 1863 விடுதலைப் பிரகடனத்தோடு அடிமை முறை ஒழிந்தது என்று எழுதுவது. அது கலகம் செய்த பகுதிகளுக்கு மட்டும். அடிமை முறை இருந்தும் பிரியாமல் ஒன்றியத்தில், அதாவது வடக்கின் பக்கம், இருந்த டெலவேர், மேரிலாந்து, கென்டக்கி, மிசௌரி அதில் வராது. நாடு முழுக்க ஒழித்தது 1865 டிசம்பரில் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 13ஆம் திருத்தம். அப்புறம் குடியுரிமைக்கு 14 (1868), வாக்குரிமைக்கு 15 (1870). இறந்தவர்கள் 6,20,000 என்பது வழக்கமான கணக்கு, இன்னும் அதிகம் என்று பின்வந்த ஆய்வுகள் சொல்கின்றன. ஒன்றியப் படையில் சேர்ந்த சுமார் 1,80,000 கறுப்பின வீரர்களைத் தயவுசெய்து எழுதுங்கள். விடுதலையை யாரோ கொடுத்தார்கள் என்று எழுதிவிட்டு வராதீர்கள்.

தெற்கு உறுப்பினர்கள் வெளியேறிய காங்கிரசில் (அமெரிக்க நாடாளுமன்றம்) 1862இல், குடியேறுகிறவர்களுக்கு நிலம் தரும் ஹோம்ஸ்டெட் சட்டமும் மேற்குக் கடற்கரை வரை ரயில் போடும் பசிபிக் ரயில் சட்டமும் நிறைவேறின. பொருளாதார விளைவுக்கு இது நல்ல சரக்கு. தெற்கின் துறைமுகங்களை வடக்கு முற்றுகையிட்டதால் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் பஞ்சுக்குத் தவித்ததும், பம்பாயில் பருத்தி விலை ஏறி 1865இல் சரிந்ததும், தூத்துக்குடி வழியாகத் திருநெல்வேலிப் பருத்தி போனதும் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம்.

விடையை 1865இல் நிறுத்தாதீர்கள். விடுதலையானவர்களைக் கட்டிப்போட்ட கறுப்பர் சட்டங்கள், 1870இல் மிசிசிப்பியிலிருந்து செனட்டுக்குப் போன முதல் கறுப்பினத்தவர் ஹைரம் ரெவல்ஸ், 1877இல் தெற்கிலிருந்து மத்தியப் படைகள் விலகியது, தனித்தனியாகப் பிரித்துவைக்கலாம் என்ற 1896 பிளெஸ்ஸி தீர்ப்பு வரை போங்கள். நிலம் கிடைக்காததால் விடுதலையானவர்கள் பழைய முதலாளியின் காட்டிலேயே வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, உழுது கடனில் மாட்டியதை நான் ஒரு முழுப் பத்தி எழுதினேன். ‘வாரம்’ என்ற நம் சொல்லையே போட்டேன்.

ஹாலில் செய்தவை:
ஓரத்தில் பென்சிலால் அந்தக் கோடு, ஒரு நிமிடம்.
முதல் வரியிலேயே அடிமை முறை.
காரணம் ஒன்றரைப் பக்கம், விளைவு இரண்டு பக்கம்.
போர் அரைப் பக்கம்.
தலைப்புகளுக்கு அடிக்கோடு போடவில்லை, நேரம் மிச்சம்.

இந்த முறை பாஸ் கிடைக்காதவர்கள் இன்றைக்கே விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள், சில நாளில் தேதி முடிந்துவிடும். கையில் வந்ததும் மார்க்கைப் பார்க்காமல், ஓரத்தில் சிவப்பு மை எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுங்கள்.