சாச்சாவின் கொலை வழக்கில் நாங்கள் கடந்து வந்த வழி

எங்கள் சாச்சா, அதாவது சித்தப்பா, மன்னார் வளைகுடாக் கரையோரத்துச் சிற்றூர் ஒன்றின் மதரசாவில் பாடம் நடத்திவந்த ஆலிம் (மார்க்க அறிஞர்). பள்ளிவாசலுக்குச் சொந்தமான தென்னந்தோப்பின் குத்தகைப் பாக்கியைக் கேட்டதில் மூண்ட பகையால், இரவுத் தொழுகையான இஷா தொழுது திரும்பும் வழியில் வெட்டிக் கொல்லப்பட்டார். 2024 ஜூலை 1-க்கு முந்தைய சம்பவம் என்பதால் வழக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 302-ஆம் பிரிவில் பதிவாகி, விசாரணையும் பழைய நடைமுறைச் சட்டப்படியே நடந்தது. இன்று இதே குற்றம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 103-ஆம் பிரிவில் வரும்.

கொலை வழக்கை நடத்துவது அரசுதான். குடும்பம் சாட்சி மட்டுமே என்று முதல் நாளிலேயே சொல்லிவிட்டார்கள். அது பாதி உண்மை.

மையித்தை (உடலை) உடனே அடக்க வேண்டும் என்ற தவிப்பில் உடற்கூறாய்வு வேண்டாம் என்று சில பெரியவர்கள் சொன்னார்கள். கொலையில் அதைத் தவிர்க்க வழியே இல்லை. பொதுவாக இரவில் செய்வதும் இல்லை. மறுநாள் மாலைத் தொழுகையான அஸருக்குப் பிறகே ஜனாஸா (இறுதித் தொழுகை) தொழ முடிந்தது. அடுத்த சிக்கல் சாச்சாவின் மனைவியான சாச்சியின் வாக்குமூலம். கணவரை இழந்த பெண் வீட்டிலேயே இருக்கும் நான்கு மாதம் பத்து நாள் இத்தாவில் இருந்தவரை, காவல் நிலையத்துக்கு அழைத்துவரச் சொன்னார்கள். சாட்சியான பெண்ணை அவர் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 160-ஆம் பிரிவு சொல்வதை வக்கீல் எழுதிக் கொடுத்த பிறகு, அதிகாரிகள் வீட்டுக்கே வந்து, திரைக்கு மறுபுறம் அமர்ந்து பதிவு செய்துகொண்டார்கள்.

வழக்கின் உயிர்நாடி சாச்சாவின் நோட்டுப் புத்தகங்களில் இருந்தது. குத்தகைக் கணக்கு, யார் எப்போது என்ன பதில் சொன்னார்கள், எந்தத் தேதியில் மிரட்டல் வந்தது என எல்லாவற்றையும் அவர் அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்தில் எழுதும் தமிழில், எழுதிவைத்திருந்தார். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்றோர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நூல்களே இயற்றிய அந்த எழுத்தை இன்று படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. அறையில் இருந்த நோட்டுகளையும் அவர் பாடக்குறிப்புகளையும் மகஜர் (கைப்பற்றல் பட்டியல்) போட்டு மொத்தமாக எடுத்துச் சென்ற காவலர்கள், அவற்றை "அரபி புத்தகங்கள்" என்று மட்டும் குறித்திருந்தார்கள். எது கணக்கு நோட்டு, எது பாடக்குறிப்பு என்ற அடையாளம் அந்த மகஜரில் இல்லாததால், பக்க எண்ணும் முதல் வரியும் குறித்த பட்டியல் ஒன்றைத் தயாரித்து நீதித்துறை நடுவரிடம் மனுவாகக் கொடுத்தோம். வேறு மதரசாவைச் சேர்ந்த ஹஜ்ரத் (ஆசிரியர்) ஒருவர் தொடர்புடைய பக்கங்களைத் தமிழ் எழுத்தில் பெயர்த்துக் கொடுத்து, அதற்குச் சாட்சியாகவும் வந்தார். கையெழுத்து சாச்சாவுடையதுதான் என்பதை, அவர் எழுதுவதைப் பல ஆண்டுகள் பார்த்துப் பழகிய மாணவர் ஒருவர் கூண்டில் சொன்னார். இந்த இரு சாட்சிகளும் இல்லாதிருந்தால் முன்விரோதம் வெறும் ஊர்ப்பேச்சாகவே நின்றிருக்கும் என்பது என் கணிப்பு. வழக்குக்குத் தேவைப்படாத பாடக்குறிப்புகளை, கேட்கும்போது ஒப்படைப்பதாகப் பிணைப்பத்திரம் எழுதி இடைக்காலமாகத் திரும்பப் பெற்றோம்.

கைதானவர்களை முதலில் காவலில் வைத்த நாளிலிருந்து 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் அவர்கள் ஜாமீன் கேட்பது உரிமையாகிவிடும். ஆகவே குற்றப்பத்திரிகைக்குத் தேவையான ஆய்வக அறிக்கை எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத்து மூலமாகவே கேட்டுக்கொண்டிருந்தோம். ஜாமீன் மனு வந்தபோது குடும்பத்தின் சார்பில் இடைமனு போட்டோம். பாதிக்கப்பட்டவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் ஜக்ஜீத் சிங் வழக்கில் கூறியிருப்பது அப்போது கைகொடுத்தது.

அதற்கிடையே சமரசப் பேச்சும் வந்தது. ஷரீஅத்தில் தியத் (கொலைக்கு ஈடாகக் குடும்பத்துக்குத் தரும் இழப்பீடு) உண்டே, பணம் வாங்கிக்கொண்டு மன்னித்தால் என்ன என்று கேட்டவர்கள் அனைவரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. சிலர் சாச்சியின் பிள்ளைகளை நினைத்தே கேட்டார்கள். ஆனால் இந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தில் கொலை, சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றம் அல்ல. குடும்பம் மன்னித்தாலும் வழக்கு முடியாது. சாட்சிகள் பிறழ்வது மட்டும்தான் நடக்கும். இதை விளக்கிய பிறகு ஜமாஅத் தலைவர்களே அந்தப் பேச்சை நிறுத்தினார்கள். குடும்பத்தின் தேவைக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இழப்பீட்டு மனு கொடுத்தோம். அது தண்டனையைச் சார்ந்தது அல்ல.

வழக்கு இராமநாதபுரம் அமர்வு நீதிமன்றத்துக்கு வந்த பிறகு, சாட்சிகளைக் கொண்டுவருவதுதான் பெரும்பாடு. நேரில் கண்ட ஒருவர் விசைப்படகுத் தொழிலாளி. கடலுக்குப் போய்விட்டால் சம்மன் அவர் கைக்குச் சேராது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் அவரை விசாரிக்குமாறு அரசு வழக்கறிஞரிடம் வேண்டினோம். இன்னொருவர் சவூதிக்குப் போயிருந்தார். நீதிமன்ற அனுமதியுடன் காணொலி வழியாகச் சாட்சி சொன்னார். எங்கள் வக்கீல் நேரடியாகக் கேள்வி கேட்க முடியாது. அரசு வழக்கறிஞருக்கு உதவலாம். சாட்சியம் முடிந்தபின் நீதிமன்ற அனுமதியுடன் எழுத்து வாதம் தரலாம். நோட்டு பற்றிய பகுதி அந்த எழுத்து வாதத்தில்தான் முழுமையாக இடம்பெற்றது.

வெட்டியவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. தூண்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானார். அந்த விடுதலையை எதிர்த்து, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 372-ஆம் பிரிவு பாதிக்கப்பட்டவருக்கு அளிக்கும் உரிமைப்படி சாச்சி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மேல்முறையீடு செய்துள்ளார். தண்டனை பெற்றவரும் மேல்முறையீடு செய்திருக்கிறார். இரண்டையும் சேர்த்து விசாரிக்க வேண்டும் என்று கோரியுள்ளோம்; விசாரணைத் தேதி இன்னும் குறிக்கப்படவில்லை.