பார்க்கச் சொன்னால் தெரிகிறது

மனநலக் குழுவோடு ஏர்வாடி, கீழக்கரை, தேவிபட்டினம் பக்கம் போய்வருவது என் வேலை. அழைத்து வரப்படுபவர்களில் பெரும்பாலோருக்கு மனச்சிதைவோ குடியோதான் பிரச்சினை. எப்போதாவது ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்து, "இவனுக்கு ஈவு இரக்கமே இல்ல சார், சைக்கோவா?" என்று கேட்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அரை மணி நேரம் பேசிவிட்டுச் சொல்லக்கூடிய பதில் இல்லை அது. சைக்கோபதியை, அதாவது இரக்கமும் குற்ற உணர்வும் குன்றிய ஆளுமைக் கோளாறை, அளக்க உளவியலாளர் ராபர்ட் ஹேர் உருவாக்கிய மதிப்பீட்டில் 20 கூறுகள், மொத்தம் 40 மதிப்பெண், பயிற்சி பெற்றவர் நீண்ட நேரம் பேசிப் பழைய ஆவணங்களையும் பார்த்துத்தான் போடவேண்டும். அந்தப் பெயரை நான் யார்மேலும் ஒட்டுவதில்லை.

ஆனால் அதைப் பற்றிய ஆராய்ச்சிகள் என் பேச்சுமுறையையே மாற்றிவிட்டன. அமெரிக்காவின் விஸ்கான்சினில் உளவியலாளர் ஜோசப் நியூமன் குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. சிறைக்கைதிகளுக்குத் திரையில் எழுத்துகளைக் காட்டினார்கள், சிவப்பு எழுத்து வந்தால் மின் அதிர்ச்சி வரலாம். நிறத்தைக் கவனிக்கச் சொன்னபோது சைக்கோபதி உள்ளவர்களும் மற்றவர்களைப் போலவே திடுக்கிட்டார்கள். கவனத்தை வேறு வேலையில் வைக்கச் சொன்னதும் அவர்களுக்கு அந்தப் பயம் மற்றவர்களைவிட மட்டுப்பட்டது. பின்னால் மூளையை ஸ்கேன் செய்தபோதும், கவனம் ஒரு இலக்கில் ஏற்கெனவே பதிந்திருந்தால்தான் அவர்களுக்கு அமிக்டலாவின், அதாவது ஆபத்தை உணர உதவும் மூளைப் பகுதியின், இயக்கம் குறைவாகத் தெரிந்தது. பயமே இல்லாத ஜென்மங்கள் என்று நாம் பேசுவதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

அடையாளம் மாற்றிச் சொல்கிறேன். அண்ணனின் வள்ளத்து எஞ்சினை விற்றுவிட்ட ஒரு தம்பி, என்ன கேட்டாலும் விலையிலேயே நின்றார், எவ்வளவுக்குப் போனது, ஏன் அதற்குமேல் போகாது என்று. பக்கத்தில் அம்மா முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். விலைப்பேச்சை நிறுத்தி, "தம்பி, அம்மா முகத்தப் பாத்துச் சொல்லுங்க, எப்படி இருக்காங்க?" என்றேன். திரும்பிப் பார்த்தார். "அழுதுருக்கு சார். ராத்திரி தூங்கல. கை நடுங்குது." குரல் மாறவில்லை, ஆனால் ஒன்றுகூடத் தப்பவில்லை.

அவருக்குச் சைக்கோபதியா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்வதும் மனசு இளகுவதும் ஒன்றல்ல, எஞ்சின் பணமும் திரும்பவில்லை. இருந்தாலும் இப்போது வீட்டுக்காரர்களிடம் சொல்கிறேன்: அவர் பணத்திலோ சண்டையிலோ மும்முரமாக இருக்கும்போது கெஞ்சாதீர்கள், அது ஓய்ந்ததும் உட்காரவைத்து உங்களுக்கு என்ன ஆனது என்று நேராகச் சொல்லுங்கள், சாவியையும் பாஸ்புக்கையும் மட்டும் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.