ஒரே நெட் தேர்வு, முதலில் தாளில், அப்புறம் திரையில்

தேர்வைத் தாளில் எழுதினால் ஒரு மதிப்பெண்ணும் கணினியில் எழுதினால் வேறு மதிப்பெண்ணும் வருமா? என் முனைவர் பட்ட ஆய்வே இதைப் பற்றித்தான். எங்கள் துறையில் 'மோட் எஃபெக்ட்' என்பார்கள். 2015இல் பீசா (பல நாடுகளின் 15 வயது மாணவர்களுக்கு நடக்கும் சர்வதேசத் தேர்வு) பெரும்பாலான நாடுகளில் தாளிலிருந்து கணினிக்கு மாறியபோது இதைப் பற்றி நிறைய விவாதம் நடந்தது. அதையெல்லாம் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த எனக்கே அது ஒரு நாள் நடந்தது.

2024 ஜூன் 18 அன்று கல்வியியல் பாடத்தில் யூ.ஜி.சி. நெட் (கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு) எழுதினேன். அந்த முறை ஓ.எம்.ஆர். தாள், அதாவது வட்டத்தை நிரப்பி விடை குறிப்பது. மறுநாளே தேர்வு ரத்து. ஆகஸ்ட் 21 முதல் செப்டம்பர் 4 வரை மறுதேர்வு, கணினியில். ஒரே ஆள், ஒரே பாடத்திட்டம், இரண்டு மாத இடைவெளியில் இரண்டு வடிவம். ஆய்வாளராகச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். தேர்வராக எரிச்சல்தான் வந்தது.

தாளில் எழுதும்போது என் கை என்னென்ன செய்துகொண்டிருந்தது என்பது கணினி முன்னால் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. நெட்டின் முதல் தாளில் (எல்லாப் பாடத்தினருக்கும் பொதுவானது) ஒரு பத்தியைக் கொடுத்து ஐந்து கேள்வி கேட்பார்கள். ஜூனில் முக்கியமான சொற்களை அடிக்கோடிட்டுக்கொண்டே படித்தேன். தவறான விடைகளை அடித்துவிட்டேன். சந்தேகம் இருந்த இடத்தில் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். திரையில் இப்படி அடிக்கோடிடவோ விடைகளை அடிக்கவோ முடியாது. பத்தியை ஸ்க்ரோல் செய்து மேலே போய்த் திரும்பி வருவதற்குள் கேள்வியில் 'எது பொருந்தாது' என்று இருந்ததா, 'எது பொருந்தும்' என்று இருந்ததா என்பதே மறந்துபோகும். பொருத்துக வகையில் இன்னும் மோசம்.

இதற்கு நான் கண்டுபிடித்த வழி ரஃப் ஷீட். பலர் அதைக் கணக்குக்கு மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். நான் கேள்வி எண்ணைப் போட்டு, பக்கத்தில் தள்ளிவிட்ட விடைகளின் எண்களை எழுதிக்கொண்டேன். '37: 1, 4 இல்லை' என்று இருந்தால், திரும்பி வரும்போது முதலிலிருந்து யோசிக்க வேண்டாம். 150 கேள்விக்கு 180 நிமிடம், அதாவது ஒரு கேள்விக்கு 72 விநாடி. இதில் ஒரே கேள்வியை இரண்டு தடவை புதிதாகப் படிக்க நேரம் ஏது?

இன்னொன்று, கேள்வி நெட்டில் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும் (மொழிப் பாடங்கள் தவிர). தமிழ்வழியில் படித்தவர்கள் கலைச்சொற்களை ஆங்கிலத்திலும் சேர்த்தே படித்து வைப்பது நல்லது. திரையில் ஆங்கிலம் படிக்கும் வேகத்தையும் தனியாகப் பழக வேண்டும். மறுதேர்வுக்கு முந்தைய மூன்று வாரம் பழைய வினாத்தாள்களை அச்செடுப்பதை நிறுத்திவிட்டு, மாலை நேரத்தில் கல்லூரிக் கணினிக் கூடத்தில் உட்கார்ந்து மவுஸ் பிடித்துப் படித்தேன். செல்போனில் மாக் டெஸ்ட் எழுதுவது இதற்கு ஈடாகாது. அது வேறு திரை, வேறு கை.

விடையை மாற்றலாமா? 'முதலில் தோன்றியதுதான் சரி' என்று வீட்டில், பயிற்சி வகுப்பில் எல்லோரும் சொல்வார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. 2005இல் உளவியலாளர் க்ரூகர் குழுவினர் அமெரிக்க மாணவர்களின் விடைத்தாள்களில் அழித்து மாற்றிய இடங்களைப் பார்த்தார்கள். சுமார் பாதி தவறிலிருந்து சரிக்கு மாறியிருந்தன. சரியிலிருந்து தவறுக்குப் போனவை கால்வாசிதான். ஆனால் மாற்றிக் கெட்டது மனதில் ஆணியடித்ததுபோல் நிற்கும், மாற்றிக் கிடைத்தது மறந்துபோகும். அதனால் காரணம் இருந்தால் மாற்றுங்கள், பதற்றத்தில் மாற்றாதீர்கள்.

என் ஆய்வுப் பகுதியிலிருந்தே ஒரு கேள்வி வந்தது. அதற்குத்தான் அதிக நேரம் போனது! விடைகளில் ஒவ்வொன்றுக்கும் 'ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டே' என்று தோன்றிக்கொண்டிருந்தது. பாடப்புத்தக விடையைப் போட்டுவிட்டு நகர்ந்திருக்க வேண்டும்.

நான் செய்த பெரிய பிசகு வேறு. வலப்பக்கம் கேள்வி எண்கள் கட்டம் கட்டமாக இருக்குமல்லவா, விடையைத் தேர்ந்தெடுத்துவிட்டு 'சேவ் அண்ட் நெக்ஸ்ட்' அழுத்தாமல் நேராக அந்த எண்களில் ஒன்றைத் தொட்டால் விடை பதிவாகாது. தேர்வுக்கு முன் திரையில் வரும் அறிவுரையிலேயே இது இருக்கிறது. கணினித் தேர்வு பற்றி ஆய்வு செய்கிறவர் அதைப் படிக்க வேண்டாமா? நான் படிக்கவில்லை, வேகமாகக் கீழே தள்ளிவிட்டேன்.

தேர்வுக்குப் பிறகு ரெஸ்பான்ஸ் ஷீட் (நாம் தேர்ந்தெடுத்த விடைகளின் பதிவு) வரும். அதைத் தற்காலிக ஆன்சர் கீயுடன் (சரியான விடைகளின் பட்டியல்) ஒப்பிடும்போது 1, 2, 3, 4 என்ற வரிசையை நம்பாதீர்கள். ஒவ்வொரு விடைக்கும் தரப்படும் தனி ஐ.டி. எண்ணை வைத்துப் பாருங்கள். கீ தவறு என்று உறுதியாகத் தெரிந்தால் ஒரு கேள்விக்கு 200 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். தவறிய ஒவ்வொன்றுக்கும் எதிரே 'தெரியாது', 'தவறாகப் படித்தேன்', 'மாற்றிக் கெட்டது' என்று ஏதாவது ஒன்றை எழுதுங்கள். என் பட்டியலில் 'தெரியாது' நினைத்ததைவிடக் குறைவு.

மூன்று கேள்விகளுக்கு எதிரே 'விடையளிக்கப்படவில்லை' என்று இருந்தது. நெட்டில் நெகட்டிவ் மதிப்பெண்ணே கிடையாது, நான் எதையும் விட்டு வைக்கவில்லை. மூன்றும் அந்தக் கட்டத்தில் எண்ணைத் தொட்டுத் தாவியவை. உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்தது, ஜே.ஆர்.எஃப். (ஆய்வு உதவித்தொகை) கிடைக்கவில்லை.