புது லேப்டாப்பில் ஓயாத ஃபேன் சத்தம்: வாரண்டியில் சரிசெய்த அனுபவம்

திருச்சியில் வீட்டிலிருந்தே கணக்கு வேலை பார்ப்பவன் நான். டேலி, எக்செல், ஜிஎஸ்டி தளம், குரோமில் இருபது முப்பது டேப், நடுநடுவே கிளையன்ட்டுகளோடு வீடியோ கால். கடையில் "எதுக்கும் இருக்கட்டும் சார், பின்னாடி உதவும்" என்று சொல்லி, இன்டெல் கோர் ஐ5-12500ஹெச் பிராசசர் போட்ட மெல்லிய மாடல் ஒன்றைக் கொடுத்தார்கள். வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கொஞ்சம் பெரிய எக்செல் ஃபைலைத் திறந்தால் போதும், புஸ்ஸென்று சத்தம் கிளம்பும். அரை நிமிஷத்தில் அடங்கும், உடனே மறுபடி ஆரம்பிக்கும். ஒரு வீடியோ காலில் எதிர்முனையில் இருந்தவர் "சார், வீட்ல மிக்சி ஓடுதா?" என்றே கேட்டுவிட்டார்.

கடைக்காரரிடம் கேட்டால், "புதுசுல அப்படித்தான் இருக்கும், போகப் போக சரியாயிடும்" என்றார். இதில் பாதி உண்மை. புது விண்டோஸ் மெஷின் முதல் சில நாட்களில் நமக்குத் தெரியாமல் நிறைய வேலை செய்கிறது. அப்டேட்டுகள் இறங்கும், விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் எல்லா ஃபைலையும் ஸ்கேன் செய்யும், தேடலுக்காக இண்டெக்ஸ் போடும், ஒன்டிரைவ் நம் ஃபைல்களை மேலே ஏற்றும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து சிபியு பத்தியைச் சொடுக்கினால் யார் அதிகம் சாப்பிடுகிறார்கள் என்று வரிசையாகத் தெரிந்துவிடும். என் மெஷினில் அந்த ஆட்டமெல்லாம் ஓய்ந்து, சிபியு நாலைந்து சதவீதத்தில் சும்மா இருக்கும்போதும் சத்தம் இருந்தது. அதனால் மீதிப் பாதியைத் தேட வேண்டியதாயிற்று.

ஒரு நாள் இரவு வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, சீலிங் ஃபேனையும் அணைத்துவிட்டு, லேப்டாப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டேன். அப்போதுதான் அங்கே இரண்டு சத்தம் இருப்பது பிடிபட்டது. ஒன்று காற்றின் இரைச்சல். சூடு ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். இன்னொன்று வலது பக்கத்திலிருந்து மட்டும் 'டிக் டிக்' என்று ஏதோ உரசுவது மாதிரி. ஃபேன் மெதுவாகச் சுற்றும்போதும் அது இருந்தது. லேப்டாப்பைப் புத்தகம் மாதிரி செங்குத்தாக நிறுத்தினால் சட்டென்று நின்றது. படுக்கவைத்தால் திரும்ப வந்தது.

இந்தப் பிரிவினைதான் பிற்பாடு எல்லா வேலையையும் சுலபமாக்கியது. காற்றுச் சத்தத்துக்காக எந்த சர்வீஸ் சென்டரும் பார்ட்ஸ் மாற்றாது. அது நாமே செட்டிங்கில் குறைக்க வேண்டியது. உரசல் சத்தம் பழுது. வாரண்டியில் கேட்டு வாங்க வேண்டியது. இரண்டையும் சேர்த்து "ஃபேன் சத்தமா இருக்கு" என்று போய் நின்றால், "ஃபேன்னா சத்தம் வரத்தானே சார் செய்யும்" என்ற பதில்தான் கிடைக்கும்.

முதல் சத்தத்துக்குக் காரணம் சிப்பின் சுபாவம். இந்த 12500ஹெச்சின் அடிப்படை மின்செலவு 45 வாட். டர்போவில், அதாவது கொஞ்ச நேரத்துக்கு வேகத்தைக் கூட்டி ஓடும்போது, 95 வாட் வரை இழுக்க இன்டெல் அனுமதிக்கிறது. ஒரு ஃபைலைத் திறக்கிற அந்த இரண்டு மூன்று விநாடிக்காக வேகம் 4.5 கிகாஹெர்ட்ஸ் வரை பாய்கிறது. ஹெச்டபிள்யுஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டுப் பார்த்தேன். 50 டிகிரியில் இருந்த சூடு கண் இமைக்கும் நேரத்தில் 90ஐத் தாண்டியது. ஃபேன் அதைப் பார்த்துப் பதறி ஓடுகிறது. ஓடி முடிப்பதற்குள் வேலையே முடிந்துவிடுகிறது. எக்செல்லுக்கு இந்தப் பாய்ச்சல் எதற்கு என்று யாரும் அதனிடம் கேட்பதில்லை.

நான் செய்தது இதுதான். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், அதற்குள் 'பிராசசர் பவர் மேனேஜ்மென்ட்', அதில் 'மேக்சிமம் பிராசசர் ஸ்டேட்'. அங்கே 100 என்று இருப்பதை 99 ஆக்கினால் டர்போ நின்றுவிடும். பேட்டரியில் ஓடும்போது, சார்ஜரில் ஓடும்போது என்று இரண்டு வரிகள் இருக்கும். இரண்டையும் மாற்ற வேண்டும். சில மெஷின்களில் இந்த வரிகளே மறைந்திருக்கும், அப்போது கமாண்ட் பிராம்ப்டில் பவர்சிஎஃப்ஜி கட்டளை மூலம்தான் வெளியே கொண்டுவர முடியும். என்னுடையதில் மறைந்திருக்கவில்லை. மாற்றியதும் வேகம் 2.5 கிகாஹெர்ட்ஸ் பக்கத்திலேயே நின்றது, சூடு 70ஐத் தாண்டவில்லை. டேலியிலும் எக்செல்லிலும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. வீடியோ எடிட்டிங், கேம் என்று இருப்பவர்களுக்கு இது ஒத்துவராது.

ஃபேன் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலே சத்தம் நிறையக் குறையும் என்பதை அப்போதுதான் அனுபவித்துப் பார்த்தேன். வேகம் இரட்டிப்பானால் சத்தம் சுமார் 15 டெசிபல் கூடும் என்பது ஃபேன்களுக்கான பொதுக் கணக்கு. ஐந்தில் ஒரு பங்கு வேகத்தைக் குறைத்தால் ஏறக்குறைய 5 டெசிபல் இறங்கும். போனில் கிடைக்கும் டெசிபல் ஆப்கள் துல்லியமானவை இல்லை, ஆனாலும் ஒரே இடத்தில் போனை வைத்து முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்க்கப் போதும்.

நிறுவனத்தின் தளத்தில் என் மாடலுக்குப் புது பயாஸ் (விண்டோஸுக்கு முன்னாலேயே ஓடி, மெஷினின் பாகங்களைக் கட்டுப்படுத்தும் அடிப்படை மென்பொருள்) இருந்தது. மாற்றங்களின் பட்டியலில் ஃபேன் கட்டுப்பாடும் இருந்தது. சார்ஜரைச் செருகிவிட்டு அதையும் போட்டேன். நின்று நின்று எகிறுவது குறைந்தது. பின்பக்கம் காற்று உள்ளே போக ஒரு சாதாரண ஸ்டாண்ட் வாங்கினேன். ஃபேன் வைத்த கூலிங் பேட் வாங்கவில்லை. சத்தத்தைக் குறைக்க இன்னொரு சத்தத்தை விலைக்கு வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

அப்புறம் உரசல் சத்தம். சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனேன். உள்ளே நல்ல ஏசி. நம்மூர் மே மாத மதியத்தில் வீட்டில் 38 டிகிரியில் திணறுகிற மெஷின், அங்கே சாதுவாக உட்கார்ந்துகொண்டது. அறையில் ஏசி இரைச்சல், டோக்கன் கூப்பிடும் குரல், பிரிண்டர். அதில் 'டிக் டிக்' யாருக்குக் கேட்கும்? டயக்னாஸ்டிக் ஓட்டினார்கள், ஃபேன் டெஸ்ட் பாஸ். அந்தச் சோதனை ஃபேன் சொன்ன வேகத்தில் சுற்றுகிறதா என்று மட்டும்தான் பார்க்கும், எப்படிச் சத்தம் போடுகிறது என்று பார்க்காது. ஜாப் ஷீட்டில் "நோ ஃபால்ட் ஃபவுண்ட்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

சரி, சண்டை போட்டுப் பயனில்லை என்று வந்து, ஒரு வீடியோ எடுத்தேன். இரவில், மற்ற ஃபேன்களை அணைத்துவிட்டு. போனை லேப்டாப் இருக்கும் மேஜையில் வைக்கவில்லை. வைத்தால் அதிர்வும் சேர்ந்து பதிவாகி எல்லாம் குழம்பிவிடும். ஹெச்டபிள்யுஇன்ஃபோவில் ஃபேன் வேகமும் சூடும் திரையில் தெரிய, முதலில் படுக்கவைத்து, அப்புறம் செங்குத்தாக நிறுத்தி, மறுபடி படுக்கவைத்து, ஒரே மூச்சில் ஒரு நிமிஷம். இதை கஸ்டமர் கேருக்கு மெயிலில் அனுப்பினேன். "வலது ஃபேனில் உரசல். குறைந்த வேகத்திலும், சூடு இல்லாதபோதும் வருகிறது. நிமிர்த்தினால் நிற்கிறது." இவ்வளவுதான் எழுதினேன். பில், சீரியல் நம்பர், அந்த "நோ ஃபால்ட் ஃபவுண்ட்" தாள் எல்லாவற்றையும் இணைத்தேன். இதற்கும் மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவதாக இருந்தேன். அதற்கு அவசியம் வரவில்லை. என் மாடலுக்கு ஆன்சைட் வாரண்டி இருந்ததால் வீட்டுக்கே ஆளை அனுப்பினார்கள்.

வந்த பையன் முதலில் கொஞ்சம் அலுப்பாகத்தான் இருந்தான். "தம்பி, ஜன்னலைச் சாத்திட்டு ஒரு நிமிஷம் கேளுங்க" என்றேன். கேட்டான். "ஆமா சார், பேரிங் போல" என்றான். அடிமூடியின் திருகுகளைக் கழற்றி, ஓரத்தில் பிளாஸ்டிக் அட்டை ஒன்றை நுழைத்து நெம்பித் திறந்தான். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு இரண்டு ஃபேனையும் விரல் நுனியால் சுண்டிக் காட்டினான். இடது ஃபேன் வழுக்கிக்கொண்டு சுற்றி மெதுவாக நின்றது. வலது ஃபேனின் இறக்கை லேசாகத் தள்ளாடி, மேல் தகட்டை ஒரே இடத்தில் தொட்டுத் தொட்டுப் போனது. கண்ணாலேயே பார்க்க முடிந்தது. பையில் புது ஃபேன் தயாராக இருந்தது. மாற்றி, மூடி, ஆன் செய்து, மறுபடி ஜன்னலைச் சாத்தச் சொல்லி அவனே கேட்டுப் பார்த்தான்.

யூடியூப் பார்த்து நாமே திறந்து எண்ணெய் விடலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். வாரண்டி இருக்கிற புது மெஷினில் அந்த வேலை வேண்டாம் என்று இருந்துவிட்டேன். மாற்றிய பார்ட்டின் எண் எழுதிய ஜாப் ஷீட்டை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இடையில் ஒரு பெரிய விண்டோஸ் அப்டேட் முடிந்ததும் காற்றுச் சத்தம் மட்டும் திரும்ப வந்தது. பவர் ஆப்ஷன்ஸைத் திறந்து பார்த்தால் 99 மறுபடி 100 ஆகியிருந்தது. இப்போதெல்லாம் அப்டேட் ஆனால் முதலில் அந்த வரியைத்தான் போய்ப் பார்க்கிறேன்.