போனிலிருந்து பூட்டிய மின்னஞ்சல்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். சம்பளப் பட்டியல், வங்கி விவரம் எல்லாம் போனிலிருந்து, பிறர் படிக்க முடியாதபடி பூட்டிய மின்னஞ்சலில்தான் போகின்றன. டர்பனில் போன் பறிபோவது புதிதல்ல. அதனால் என் முதல் கவலை, அந்த மின்னஞ்சலைத் திறக்கும் ரகசியக் கோப்பான சாவிதான்.

ஆண்ட்ராய்டில் தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் செயலியும், சாவிகளை வைத்துக்கொள்ளும் ஓப்பன்கீசெயின் செயலியும் வைத்திருக்கிறேன். (ஐபோனில் மெயில் செயலியிலேயே எஸ்/மைம் என்ற வேறொரு பூட்டும் முறை உண்டு, அதற்கு டிஜிட்டல் சான்றிதழ் மட்டும் வேண்டும்.) கையொப்பமிடுவது நான் மட்டும் வைத்திருக்கும் தனிச் சாவியால், பூட்டுவது பெறுபவர் எல்லோருக்கும் தரும் பொதுச் சாவியால். மற்ற சாவிகளை உருவாக்கவும் ரத்து செய்யவும் உதவும் தலைமைச் சாவியைப் போனில் ஏற்றவே இல்லை. அது வீட்டில், யூஎஸ்பியில். போனில் அன்றாட வேலைக்கான துணைச் சாவிகள் மட்டும். போன் போனால் அவற்றை ரத்து செய்து புதிதாக உருவாக்கலாம். ஆனால் பழைய கடிதங்களை ரத்து காப்பாற்றாது. அங்கே போனிலுள்ள சாவிக்கு வைத்த நீளமான கடவுச்சொல்தான் காவல்.

ஒருவரின் பொதுச் சாவி வந்ததும், அது அவருடையதுதானா என்று பார்க்க, அவரைப் போனில் கூப்பிட்டு அதன் கைரேகையை, அதாவது சாவியின் அடையாளக் குறியீட்டை, 40 எழுத்தையும் வாசிக்கச் சொல்வேன்.

"இவ்வளவும் படிக்கணுமாம்மா?" என்று ஒரு கடைக்கார அங்கிள் அலுத்துக்கொள்வார்.

படிக்கணும் அங்கிள்.

அப்புறம், மின்னஞ்சலின் தலைப்பு வரி பூட்டப்படாமலே போகலாம். அதில் யார் சம்பளம் என்றெல்லாம் எழுதாமல் 'மாதக் கோப்பு' என்று மட்டும் போடுகிறேன்.