அது பாத்துக்கும்

“நான் வேணா கல்யாணத்துக்குப் போகாம இருந்துடட்டுமா தம்பி?” என்று டீச்சரம்மா கேட்டார். “தாராளமா போயிட்டு வாங்கம்மா, அது பாத்துக்கும்” என்றேன். பதினைந்து வருஷம் ஆகிறது. குன்னூர் பெட்ஃபோர்ட் பக்கம் போனால் இன்னும் இந்தப் பேச்சுதான் காதில் விழுகிறது.

‘அது’ என்பது டிவி நிகழ்ச்சிகளைப் பதிந்து வைக்க நான் அசெம்பிள் செய்து கொடுத்த ரெக்கார்டர். பழைய பென்டியம் பெட்டி, கேபிள் வயரைச் செருக ஹாப்பாக் பிவிஆர்-150 கார்டு, லினக்ஸ், அதில் ஓடும் டிவி பதிவு மென்பொருளான மித்டிவி. பதிவு வசதியுள்ள டாடா ஸ்கை பிளஸ் பெட்டி 2008-லேயே வந்துவிட்டது. அதை வாங்கச் சொல்லியிருந்தால் என் வேலை அன்றோடு முடிந்திருக்கும். லினக்ஸிலேயே செய்து தருகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். கார்டை இயக்கும் ஃபர்ம்வேரைத் தேடிப் போட ஒரு நாள், ரிமோட்டோடு மல்லுக்கட்ட இரண்டு நாள். நம்மூர் சேனல்களுக்கு நிகழ்ச்சிப் பட்டியல் எதுவும் எனக்குக் கிடைக்காததால் நேரத்தைக் கையால் அடித்தேன். எரிச்சல்தான். ஆனால் இவையெல்லாம் வரவில்லை என்றால் வரவில்லை என்று அப்போதே காட்டிவிடும்.

ஞாயிறு மாலை 7 மணிக்குப் பொதிகையில் பேத்தி பாடுகிறாள். அன்றைக்கே மேட்டுப்பாளையத்தில் கல்யாண வரவேற்பு. கம்ப்யூட்டர் ராத்திரி பகலாக ஓடக் கூடாது என்றார் டீச்சரம்மா. சரி, தானே எழுந்து பதிந்துவிட்டுத் தானே அணையும்படி வைத்தேன். சும்மா ஒன்றும் விடவில்லை, சோதித்தும் காட்டினேன். ‘இன்னும் 300 விநாடியில் எழு’ என்று அடித்து அணைத்தேன். டீயில் வர்க்கியைத் தோய்த்துத் தின்று முடிப்பதற்குள் ஃபேன் உறுமியது. டீச்சரம்மா கைதட்டினார்.

திங்கட்கிழமை போனால் பதிவு இல்லை. பெட்டி எப்போது என்ன செய்தது என்று குறித்து வைக்கும் லாகைத் திறந்தேன். ஞாயிறு 13:30-க்கு எழுந்திருக்கிறது. வேலை ஒன்றும் இல்லையென்று பத்து நிமிடத்தில் மறுபடி படுத்திருக்கிறது. ஒன்றரைக்கும் ஏழுக்கும் இடையே ஐந்தரை மணி. பார்த்ததும் புரிந்துவிட்டது. பெட்டியில் முன்பு விண்டோஸ் இருந்ததால் அணைத்த பிறகும் ஓடும் மதர்போர்டு கடிகாரம் இந்திய நேரத்தில் ஓடியது. எழுப்ப வேண்டிய நேரத்தை நான் யுடிசியில், அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரத்தில், எழுத வைத்திருந்தேன். இரண்டாம் தடவை அணையும்போதும் அதே 13:30-ஐத்தான் எழுதியிருக்கும், அது தாண்டிப்போன நேரம். ‘இன்னும் 300 விநாடி’ என்றால் எந்த நேரத்தில் ஓடும் கடிகாரமும் சரியாகத்தான் எழுப்பும். என் சோதனையின் லட்சணம் அவ்வளவுதான்.

“என்னாச்சு தம்பி?”

“நேத்து கரண்ட் போச்சுங்களாம்மா?”

“ஆமாப்பா, ரெண்டு மணிக்குப் போயி நாலு மணிக்குத்தான் வந்துச்சாம், பக்கத்து வீட்ல சொன்னாங்க.”

“அதான்மா.”

பொய் என்று சொல்ல முடியுமா? கரண்ட் போனது நிஜம். சில போர்டுகளில் கரண்ட் அறவே போனால் அலாரமும் போய்விடும், ஆகவே நான் சரியாக வைத்திருந்தாலும் தப்பியிருக்கலாம். இப்படி எத்தனையோ தடவை எனக்கு நானே வாதாடியிருக்கிறேன். ஆனால் அந்த வரி திரையில் திறந்தபடியே இருந்தது. கணக்கு டீச்சர். ஏழிலிருந்து ஐந்தரையைக் கழிக்கச் சொல்லியிருந்தால் என்னைவிட வேகமாகக் கழித்திருப்பார். நான் விண்டோவை மூடினேன்.

“கரண்ட் போனா நீ என்னப்பா பண்ணுவே” என்று பாக்கிப் பணத்தை எடுத்து வந்தார். வாங்கிக்கொண்டேன்.

அந்த வாரமே வேறொரு சாக்குச் சொல்லிப் போய்க் கடிகாரத்தை யுடிசிக்கு மாற்றினேன். பிறகு ஒரு நிகழ்ச்சியும் தப்பவில்லை. “இப்பல்லாம் கரண்ட் ஒழுங்கா இருக்கு தம்பி” என்பார், பார்க்கும்போதெல்லாம்.